துருசின் திறப்பு யாரின் கையில்? வன்னிக் கமக்காரர் முன்னுள்ள வழிகள்

கடந்த சிறுபோகத்துக்கு (கோடைகாலப் பயிர்ச்செய்கைக்கு) முன்னர் எங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஒரு படிவம் கைமாறி வந்தது. காணியில் எத்தனை கிணறு, எத்தனை அடி ஆழம், எத்தனை குதிரைவலு மோட்டார், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் இறைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அனுப்பியது எந்த அலுவலகம் என்பதைப் பாதிப்பேர் வாசிக்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "தம்பியவை, இண்டைக்குக் கிணத்தை எண்ணுவினம், நாளைக்கு மீற்றர் பூட்டுவினம், நாளையிண்டைக்கு பில் வரும்." எல்லோரும் சிரித்தார்கள். படிவக்கட்டு வெறுமையாகவே திரும்பிப் போனது. நானும் நிரப்பவில்லை.

ஆவணி கடைசியில் என் கிணறு வற்றியது. மீள்குடியேறிய பிறகு அதன் அடி தெரிந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் காணியில் புதிதாக இறக்கிய குழாய்க்கிணற்றில் இரவு பகலாக மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருடைய மிளகாய்க் கன்றும் கருகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முறையிடப் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி, "உங்கட கிணறு பதிவில இருக்கோ?" என்பது. இல்லை.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு பிரதேச சபைகளுக்கு மீண்டும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களும் இதைக் கேட்கிறார்கள்: வயல் தண்ணீர் பற்றிக் கொழும்பு ஒரு விதி கொண்டுவந்தால் ஊர் என்ன செய்வது? பேசாமல் இருக்கலாம், எதிர்க்கலாம், நீதிமன்றம் போகலாம், வாய்க்காலை நாமே பொறுப்பேற்கலாம், அல்லது விதியை முந்திக்கொண்டு நாமே எழுதலாம். ஐந்தையும் இந்த நாட்டில் யாரோ ஒருவர் எப்போதோ செய்து பார்த்திருக்கிறார்கள். நான் சட்டத்தரணி இல்லை. கொஞ்சம் வயலும் கொஞ்சம் மேட்டுநிலமும் உள்ள கமக்காரன், அமைப்பின் கணக்குக் கொப்பியை எழுதுகிறவன். அந்த இடத்தில் இருந்து பார்த்ததுதான் இது.

எந்தத் தண்ணீர் யாருடைய சட்டத்தில்

"கொழும்புச் சட்டம்" என்று நாங்கள் ஒரே மூச்சில் சொல்வது ஒரு சட்டம் அல்ல. பெரிய குளங்களுக்கு 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம். 200 ஏக்கருக்கு, அதாவது 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ்; அதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். எங்கள் அமைப்புகள் பதிவு பெற்றிருப்பதும் அந்தச் சட்டத்தில்தான். நிலத்தடி நீருக்கு நீர்வளச் சபை. 1964இல் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகி, 1999இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலும் நிலத்தடி நீரைப் பார்க்கிற சபை அது. ஆறு, ஓடைத் தண்ணீருக்கு 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டம்.

இவற்றுக்கு மேலே 1987இன் 13ஆவது திருத்தம் இருக்கிறது. மாகாணத்துக்குள் முடிகிற நீர்ப்பாசன வேலைகள் மாகாண சபைக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணத்தில் ஓடுகிற ஆறுகளோடு சம்பந்தப்பட்டவை மத்திக்கு. வன்னியில் இந்த ஒரு வரிதான் நிறைய விஷயத்தைத் தீர்மானிக்கிறது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கிச் சுண்டிக்குளத்தில் கடலேரியோடு முடிகிறது, முழுக்க வட மாகாணம். அதனால் அதை மறித்துக் கட்டிய இரணைமடுக்குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். அருவி ஆறு (சிங்களத்தில் மல்வத்து ஓயா) அனுராதபுரத்தின் வழியாக வருகிறது. தேக்கம் அணையில் அதை மறித்து நிரப்புகிற கட்டுக்கரைக்குளம் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவருக்கும் மன்னார்க் கமக்காரர் ஒருவருக்கும் குறை ஒன்றாகவே இருந்தாலும் கதவு வேறு.

பிரதேச சபைக்கு என்ன இருக்கிறது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அதற்குத் தந்தது வீதி, சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் போன்றவை. வயலுக்குத் தண்ணீர் விடுகிற அதிகாரம் அதில் இல்லை. "சபையில் சட்டம் போட்டுத் தடுப்பம்" என்று மேடையில் சொல்கிறவர்களிடம் எந்தப் பிரிவில் என்று ஒருக்காக் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் சபைக்கு ஒரு பெறுமதி உண்டு. அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் கூடுகிற பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் சபையின் தவிசாளர் எழுந்து கதைத்தால் அது குறிப்பில் ஏறும். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு அதற்குத் தேர்தல் நடக்கவில்லை, ஆளுநர்தான் இருக்கிறார். மக்கள் தெரிவு செய்தவர்கள் உட்காருகிற இடமாக ஊருக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பிரதேச சபைதான்.

பேசாமல் இருப்பது

இதை ஒரு வழி என்று சொல்லலாமா என்று கேட்காதீர்கள். வன்னியில் அதிகம் நடப்பது இதுதான், சில வேளை வென்றும் இருக்கிறது. 1984இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களின் பராமரிப்புக்கு ஏக்கருக்கு வருடம் 100 ரூபாய் அறவிட அரசாங்கம் முடிவெடுத்தது, படிப்படியாக அதை 200 ஆக்குவதாகத் திட்டம். யாரும் ஊர்வலம் போய் அதைத் தோற்கடிக்கவில்லை. முதல் வருடம் ஓரளவு கட்டினார்கள், பிறகு குறைந்தது, சில வருடங்களில் அறவீடு அநேகமாக நின்றே போனது. நாடு முழுக்கக் கமக்காரர் கட்டாமல் விட்டுக் கொன்ற கட்டணம் அது. எங்கள் கூட்டத்துப் பெரியவர் சிரிக்க வைத்ததற்குப் பின்னால் அந்த ஞாபகமும் இருந்திருக்கும்.

நம்பிக்கையீனத்துக்குக் காரணமும் உண்டு. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள், அதே வருடக் கடைசியில் பின்வாங்கினார்கள். இடையில் போனது எங்கள் காலபோகம், மாரிகால விளைச்சல். கேட்காமல் வந்த விதியைக் கண்டுகொள்ளாமல் விடுவது அந்த அனுபவத்துக்குப் பிறகு புத்திசாலித்தனமாகத்தான் தெரியும்.

சரி, செலவு என்ன? கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் எல்லோருக்கும் ஒரே அளவு இலாபம். கணக்கைக் கொடுக்காமல் விட்டால் அப்படி இல்லை, அதில் இலாபம் பெரிய மோட்டார் வைத்திருப்பவருக்கு. ஐந்து குதிரைவலுக்காரருக்கும் ஒன்றரைக் குதிரைவலுக்காரருக்கும் நடுவில் எந்த எழுத்தும் இல்லாதபோது தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. வறட்சி நட்டத்தைப் பதிய வருகிறபோதும் காகிதம் இல்லாத காணி பின்னுக்குத்தான் நிற்கும். வாய்க்கால் தண்ணீருக்கு இந்த வழி ஒரு காலம் சரிவந்திருக்கலாம். கிணற்றுக்கு இது மோசமான வழி என்பதை நான் ஆவணியில் படித்தேன்.

எதிர்ப்பது

இதற்கு வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இரணைமடு. யாழ்ப்பாணம், கிளிநொச்சிக்கான குடிநீர்த் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு 2010களின் தொடக்கத்தில் வந்தபோது, குளக்கட்டை உயர்த்தி, மேலதிகமாகச் சேர்கிற தண்ணீரில் ஒரு பங்கைக் குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது யோசனை. கமக்காரர் சம்மதிக்கவில்லை. சிறுபோகத்தில் எங்களுக்கே பங்கிட்டுப் பங்கிட்டு வருகிற தண்ணீரில் இன்னொரு பங்காளியா என்பது கேள்வி. மாகாண சபையிலும் அது பெரிய விவாதமானது. கடைசியில் இரணைமடுவை விட்டுவிட்டு வடமராட்சி கிழக்கில் தாழையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டினார்கள், 2024 ஓகஸ்ட்டில் அது திறக்கப்பட்டது. குளக்கட்டும் உயர்ந்தது. 34 அடியாக இருந்த கொள்ளளவு 36 அடி ஆனது.

எதிர்ப்பு வென்றது என்றுதான் எழுத வேண்டும். நானும் அந்தப் பக்கம் நின்றவன். ஆனால் அது ஏன் வென்றது என்று பார்த்தால் மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்தது தெரியும். கேட்டது ஒரு குளத்துத் தண்ணீர், அந்தக் குளத்துக்கு ஒரே குரலில் கதைக்கிற அமைப்புகள் இருந்தன. மாகாணத்தின் கையில் உள்ள குளம் அது. அப்புறம், மாற்றாகக் கடல் இருந்தது. செலவு கூடிய மாற்றுத்தான், ஆனாலும் மாற்று. அந்தச் செலவை நாங்கள் கொடுக்கவில்லை. வருடக்கணக்காகக் காத்திருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் கொடுத்தார்கள், கடல்நீரைச் சுத்திகரிக்கிற மின்சாரத்துக்கு இனியும் யாரோ கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மைத்துனர் இன்றைக்கும் கலியாண வீட்டில் கண்டால், "எங்களுக்கு ஒரு சொட்டுத் தரேல்லைத்தானே அத்தான்?" என்று பகிடியாகக் கேட்பார். முழுக்கப் பகிடி இல்லை.

கிணறுகளைப் பதிய வேண்டும் என்ற விதியை இதே முறையில் எதிர்த்தால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றுகூட இருக்காது. ஆயிரம் கிணற்றுக்கு ஆயிரம் சொந்தக்காரர். மாகாணத்தின் கையில் பிடி குறைவு. மாற்றுத் தண்ணீரும் கிடையாது.

நீதிமன்றம் போவது

இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் ஊர் மட்டத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். 2000ஆம் ஆண்டு அமைச்சரவை ஏற்றுக்கொண்ட நீர்வளக் கொள்கை தண்ணீருக்கு வரி வரப்போகிறது என்ற பயத்தில் எழுந்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2003இல் நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் வந்தபோது விஷயம் உயர் நீதிமன்றம் போனது. மாகாண நிரலில் உள்ள விடயத்தைத் தொடுவதால் மாகாண சபைகளின் கருத்தைக் கேட்காமல் அதை நிறைவேற்ற முடியாது என்று தீர்ப்பு வந்தது, சட்டமூலம் அத்தோடு நின்றது.

நல்ல ஆயுதம், ஆனால் ஒருமுறைதான் சுடும். எங்கள் அரசியலமைப்பில் சட்டமூலமாக இருக்கும்போதுதான் கேள்வி கேட்கலாம், அதற்கும் நாள் கணக்கில்தான் அவகாசம். சட்டமாகிவிட்டால் அது செல்லாது என்று சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் வழியில்லை. முன்னர் சொன்ன 1946, 1964 சட்டங்கள் எல்லாம் எப்போதோ அந்தக் கோட்டைத் தாண்டியவை. அவற்றின் கீழ் ஒரு வர்த்தமானி வந்தால் அதைத் தடுக்க எழுத்தாணை (அதிகாரிகளுக்கு நீதிமன்றம் இடும் ஆணை) கேட்டுப் போகலாம்தான், ஆனால் கொழும்புக்குப் போய்வரும் பஸ் காசையும் சட்டத்தரணியின் கட்டணத்தையும் எந்தக் கமக்காரர் அமைப்பின் கணக்கில் எழுதுவது? இன்னொன்றும் இருக்கிறது. மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பு வாங்கினால், கேட்பதற்கு இன்றைக்குச் சபை இல்லை.

வாய்க்காலைப் பொறுப்பேற்பது

1984இன் கட்டணம் செத்த பிறகு, 1988இன் கடைசியில் அரசாங்கம் வேறு வழிக்கு வந்தது. பங்கிடு வாய்க்காலையும் வயல் வாய்க்காலையும் கமக்காரர் அமைப்பே பார்த்துக்கொள்ளட்டும், பெரிய வாய்க்காலும் குளக்கட்டும் திணைக்களத்தோடு இருக்கட்டும், பதிலுக்குக் கட்டணம் வேண்டாம் என்பது அதன் சாரம். கேட்க நியாயமாக இருக்கிறது. வன்னியில் அந்த வருடங்கள் வேறு விதமாகப் போனதால் நாங்கள் இந்த ஏற்பாட்டுக்குள் முழுமையாக வந்தது போருக்குப் பிறகுதான்.

நடைமுறையில் இது எப்படி இருக்கிறது? புல் வெட்டுவது, மண் அள்ளுவது அமைப்பின் தலையில். திணைக்களத்தின் சிறு ஒப்பந்தங்களும் சில வேளை அமைப்புக்கு வரும், அதில் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சுகிற இடத்தில் சண்டையும் வரும், தலைவர் தெரிவில் கட்சிக்காரர்கள் எட்டிப் பார்ப்பதும் அதற்காகத்தான். எனக்கு இதில் உள்ள பெரிய குறை வேறு. வேலை எங்களிடம் வந்தது, தீர்மானம் முழுதாக வரவில்லை. வாய்க்காலைத் துப்புரவாக்குகிறவனுக்குத் துருசு, அதாவது குளத்து மதகு, எப்போது திறக்கும் என்று தெரியாது, "அவையள் சொல்லுவினம்" என்று காத்திருக்கிறான். தண்ணீர் பங்கிட ஊரில் ஒரு பொறுப்பாளர் இருந்த முன்னைய வட்டவிதானை முறையில் தப்புகள் இருந்தன, வட்டவிதானையின் உறவினருக்கு முதல் தண்ணீர் போனது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஏசுவதற்கு ஊரில் ஒரு ஆள் இருந்தார்.

ஆகவே பொறுப்பேற்பது என்றால் வேலையோடு சேர்த்துத் தீர்மானத்தையும் கேட்க வேண்டும். அதைக் கேட்கிற இடம் ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது, நாங்கள்தான் அதைச் சடங்காக்கி வைத்திருக்கிறோம்.

நாமே எழுதுவது

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தைச் சொல்கிறேன். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்தோ பிரதேச செயலகத்தில் இருந்தோ அதிகாரி தலைமை தாங்குவார், பொறியியலாளர் குளத்தின் மட்டத்தை வாசிப்பார், விதைப்புத் திகதி, முதல் தண்ணீர், கடைசித் தண்ணீர், கால்நடை கட்டும் திகதி என்று வரிசையாகச் சொல்வார்கள். நாங்கள் தேநீரும் வடையும் வரும்வரை இருந்துவிட்டு எழும்புவோம். அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மையாக எடுத்த முடிவு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி அந்தக் குளத்தின் கீழுள்ள எல்லோரையும் கட்டுப்படுத்தும், மீறினால் வழக்கு வைக்கலாம். கொழும்பு எழுதிய சட்டமே ஊருக்குக் கொடுத்த பேனா அது. சிறு குளத்துக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் இதையே கமக்காரர் அமைப்பின் வழியாகச் செய்ய விடுகிறது.

அந்தப் பேனாவால் என்னென்ன எழுதலாம்? சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைத் தலைவரின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், சித்திரை தொடக்கத்தில் குளத்தில் இத்தனை அடி இருந்தால் இத்தனை ஏக்கர் என்று முன்கூட்டியே ஒரு அட்டவணை போட்டு வைக்கலாம். அந்த ஏக்கரை யாருக்கு எங்கே பங்கிடுவது என்பதையும் அப்படியே. வருடா வருடம் இரவு பத்து மணிவரை இழுபடுகிற சண்டை அதுதான், அதற்கு ஒரு சுழற்சி முறை எழுதினால் போதும். வாய்க்காலில் மோட்டார் வைத்து மேட்டுநிலத்துக்கு இறைப்பதை முழுக்கத் தடுக்க முடியாது, தடுத்தால் இரவில் இறைப்பார்கள். எந்த நாட்களில், எந்த வாய்க்காலில், எத்தனை மோட்டார் என்று எழுதலாம். துருசடியில் உள்ள அளவுகோலை வாசிக்கத் திணைக்களத்தின் ஆளோடு கமக்காரர் பக்கம் ஒருவரும் போவது, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. மிகுதி நீரை வெளியேற்றும் வான்கதவும் இதில் வர வேண்டும். 2018 டிசம்பர் கடைசியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த பிறகு, எத்தனை அடியில் எந்தக் கதவு, யாருக்கு எத்தனை மணித்தியாலத்துக்கு முன்னர் அறிவித்தல் என்பது ஊருக்கும் தெரிந்த எழுத்தாக இருக்க வேண்டும்.

ஓட்டைகளையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் வாக்கு காணிக்காரருக்கு. வன்னியில் காணிக்காரர் கனடாவில், வயலில் நிற்பது குத்தகைக்காரர். அனுமதிப்பத்திரம் காணாமல்போன கணவரின் பெயரில், விதைப்பவர் மனைவி. பட்டியலில் பெயர் இருக்கிறவர்கள் மட்டும் விதி எழுதினால் அது வாய்க்காலின் தலைப்பக்கத்துக்காரரின் விதியாகத்தான் வரும். எங்கள் அமைப்பில் ஒரு அக்கா இதைச் சொன்னபோது "அது பிறகு பாப்பம்" என்றார்கள். பிறகு பார்க்கிற விஷயம் அல்ல, முதல் கூட்டத்திலேயே குத்தகைக்காரரையும் உண்மையில் விதைக்கிறவரையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

இன்னொரு ஓட்டை தண்டனை. மாமன் மச்சானுக்கு எதிராக யார் வழக்கு வைப்பது? எனக்குத் தெரிந்தவரை வழக்கைவிட அடுத்த முறைத் தண்ணீரைப் பிந்திக் கொடுப்பதுதான் பலித்திருக்கிறது.

வெளியில் ஒரு உதாரணம் பார்த்தேன். கலிஃபோர்னியாவில் 2014இல் நிலத்தடி நீருக்கு ஒரு சட்டம் போட்டார்கள். மத்திய அரசு இல்லை, மாநில அரசு. படுகைக்குப் படுகை உள்ளூர் அமைப்பே திட்டம் எழுத வேண்டும். எழுதாவிட்டால், அல்லது எழுதியது போதாவிட்டால், மாநில நீர்ச் சபை உள்ளே வரும். 2024 ஏப்ரலில் துலாரே லேக் என்ற படுகையின் திட்டங்கள் போதாது என்று சபை அதைத் தன் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது, அந்தச் சட்டத்தில் அப்படி நடந்த முதல் படுகை அது. பிறகு அங்குள்ள விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் போனது. பெரிய பண்ணைகளின் நாடு, எங்களோடு அளவில் ஒப்பிட ஏலாது. ஆனால் ஒப்புக்கு ஒரு காகிதம் எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எந்தத் தண்ணீருக்கு எது

ஒரே பதிலை எல்லாக் குளத்துக்கும் ஒட்டினால் தவறும்.

இரணைமடு போன்ற மாகாணக் குளங்களுக்கு என் தெரிவு பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நாமே எழுதுவது. எதிர்ப்பைக் கையில் வைத்திருக்கலாம், ஆனால் எழுதிய விதி இருக்கும்போதுதான் எதிர்ப்புக்கும் கனம் வரும். "எங்களுக்குப் போதாது" என்பதை அட்டவணையைக் காட்டிச் சொல்வது ஒன்று, குரலை உயர்த்திச் சொல்வது இன்னொன்று.

கட்டுக்கரைக்கு அது மட்டும் போதாது. தண்ணீர் மேலே அனுராதபுரத்தில் இருந்து வருகிறது. தந்திரிமலைப் பக்கம் திட்டமிட்டிருக்கும் கீழ் மல்வத்து ஓயா நீர்த்தேக்கம் வந்தால் தேக்கம் அணைக்கு எப்போது எவ்வளவு வரும் என்பது அங்கே தீர்மானமாகும். மன்னாரில் எத்தனை நல்ல விதி எழுதினாலும் அந்தத் துருசு கேட்காது. இங்கே மத்தியின் விதி கமக்காரருக்கு எதிரி அல்ல, வேண்டியதே அதுதான்: வறட்சியில் மேல்பகுதிக்கு இவ்வளவு, கீழ்ப்பகுதிக்கு இவ்வளவு என்று கையெழுத்தான ஒழுங்கு. மன்னார் மாவட்டப் பிரதேச சபைகள் தீர்மானம் போடுவதானால் "தலையிடாதே" என்று போடாமல் "எழுதித் தா" என்று போட வேண்டும். கேட்கக் கொஞ்சம் கசக்கும், ஆனால் ஆற்றின் கீழ்ப்பக்கம் இருப்பவனுக்கு வேறு என்ன வழி?

வவுனியா, முல்லைத்தீவுச் சிறு குளங்களின் கதை வேறு. அங்கே தண்ணீரை யார் ஒழுங்குபடுத்துவது என்பதைவிடக் குளத்தை யார் தொடலாம் என்பதுதான் சிக்கல். ஊர் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காடேறிப்போன குளங்கள் பல இப்போது வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கற்களுக்கு உள்ளே கிடக்கின்றன. குளக்கட்டுத் திருத்த ஒரு திணைக்களம் காசு தரும், அலைகரையில் (குளத்தின் நீரேறும் ஓரத்தில்) மரம் வெட்ட இன்னொன்று அனுமதி தராது. இதற்குப் பிரதேச சபை உண்மையில் உதவலாம். எந்தக் குளம், எந்த வருட வரைபடத்தில் இருக்கிறது, கடைசியாக எப்போது விதைத்தார்கள் என்று வயது போனவர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் செய்து ஒருங்கிணைப்புக் குழுவில் வைப்பது. அதிகாரம் தேவையில்லை, ஒரு மோட்டார் சைக்கிளும் பொறுமையும் போதும். கேட்க வேண்டியவர்களின் தொகை வருடா வருடம் குறைந்துகொண்டு போகிறது, அதனால் இதை முதலில் செய்ய வேண்டும்.

கிணறுகள். இதில் என் மனம் மாறிவிட்டது. முழங்காவில், முருங்கன் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஆழத்தில் கிடக்கிற தண்ணீர் பல ஊருக்குப் பொது. ஒருவர் அளவு மீறி இறைத்தால் கடற்கரைப் பக்கம் உவர் ஏற ஊருக்கே தெரியும். வவுனியா, நெடுங்கேணிப் பக்கம் கருங்கல்லுக்கு மேலே மண்ணில் தேங்குகிற மட்டான தண்ணீர், குளம் நிறைந்தால் கிணறு ஊறும், குளம் காய்ந்தால் அதுவும் இறங்கும். இரண்டு இடத்துக்கும் ஒரே விதி சரிவராது. அதைச் சொல்லிக் கேட்க வைக்க எங்களிடம் எண்கள் இருக்க வேண்டும். வயலுக்கு இருப்பதுபோலக் கிணற்றுக்குச் சட்டப் பலமுள்ள கூட்டம் கிடையாது, ஊர் எழுதுகிற விதிக்குப் பல் இல்லை. ஆகவே பதிவை நிரப்ப வேண்டும், அதன் பிரதியை அமைப்பின் கோப்பில் வைத்திருக்க வேண்டும், நிரப்பும்போதே எங்கள் நிபந்தனையையும் இணைத்துக் கொடுக்க வேண்டும்: பழைய கிணற்றுக்கு முன்னுரிமை, புதுக் குழாய்க்கிணறு அடிக்க முன்னர் அயல் காணிக்காரரிடம் கையெழுத்து, வீட்டுக் கிணற்றுக்கும் சின்னத் தோட்டத்துக்கும் எந்தக் கட்டணமும் இல்லை. பெரியவர் சொன்ன மீற்றரும் பில்லும் வரலாம். வந்தால் 1984இல் செய்ததைச் செய்ய இந்த நாட்டுக் கமக்காரருக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் படிவத்தைத் திரும்பவும் கேட்டு வாங்கச் சொல்லப் போகிறேன். சிரிப்பார்கள். பக்கத்துக் காணிக்காரரும் நானும் இதற்கிடையில் ஒரு வாய்ப்பேச்சு ஒழுங்குக்கு வந்திருக்கிறோம்: அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பது, நான் காலை பத்து மணிக்குள் முடிப்பது. ஞாயிறு தோறும் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி என் கிணற்றின் மட்டத்தைப் பார்த்து, அவர் மோட்டார் ஓட்டிய மணித்தியாலத்தோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதுகிறோம். இதுவரை ஒன்பது ஞாயிறு ஆகிவிட்டது. அந்தக் கொப்பியையும் கையோடு கொண்டுபோவதாக இருக்கிறேன்.